சக்கரமும் நடுவு நிலைமையும்

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் யான் சக்கரத்தைப் பற்றி எழுதப் புகுந்தது சிலர்க்கு நகை விளைக்கக் கூடும். ஆயினும், சென்ற பருவத்தில் நிகழ்ந்ததொன்று என்னை எழுதத் தூண்டிற்று.

பௌதிகம் பயிலும் என் நண்பர் பந்தெறியும் ரோபோ ஒன்றைத் தம் தோழர்களோடு அமைத்து வந்தார். மோட்டாரால் விரைந்து சுழலும் சக்கரமொன்று பந்தை உந்தி எறிதல் வேண்டும். ஓடவிட்டபோது சட்டம் முழுதும் அதிர்ந்தது. சக்கரத்தின் ஒரு பக்கம் சிறிது கனத்திருந்தமையே காரணமென்று கண்ட அவர், எதிர்ப்பக்கத்தில் 5 கிராம் ஈயத்துண்டை ஒட்டுநாடாவால் ஒட்டினார். அருகிற் குனிந்து, "இன்னும் விரைவாக ஓட்டுங்கள்" என்று வேண்டியவன் யானே. இமைக்கு முன் ஈயம் தெறித்து, என் கண்ணோரமாய்ச் சென்று சுவரில் மோதி விழுந்தது.

நிற்க. அச்சிறு துண்டு இத்துணை வலிமை பெற்றது எங்ஙனம்? மையத்தினின்று 5 சென்டிமீட்டர் தொலைவிலுள்ள 5 கிராம், நிமிடத்திற்கு 6000 சுற்றுச் சுழலுங்கால், ஏறக்குறைய 10 கிலோகிராம் எடைக்கு நிகராக வெளியே இழுக்கும். சுழற்சி இரட்டித்தால் அவ்விசை நான்கு மடங்காகும். துண்டு பிரிந்து பறப்பின் மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் விரையும்.

பின்னர் ஆசிரியர் ஒருவர் வழி காட்டினார். சக்கரத்தை அச்சோடு மட்டமான இரு விளிம்புகளின்மேற் கிடத்தினால், கனத்த பக்கம் தானே உருண்டு கீழ் வந்து நிற்கும். சக்கரத்தின் உறுதி குன்றாதவாறு அப்பக்கத்தைச் சிறிது துளைத்துக் கனத்தைக் குறைத்தல், நாடாவால் ஒட்டுதலினும் நன்று. எந்நிலையில் விடினும் அந்நிலையிலேயே நிற்குமாயின் அது சமன் எய்திற்று என்க. அகன்ற சக்கரமோ, இரு முனைகளிலும் எதிரெதிராய்க் கனமிருப்பின், நிற்கையிற் சமனாய்த் தோன்றி ஓடுகையில் ஆடும்; அதனைச் சுழற்றிச் சோதிக்கும் கருவியாலேயே திருத்தல் கூடும். ஓட்டுங்கால் பாலிகார்பனேட் மறைப்பும், காப்புக் கண்ணாடியும், சக்கரத்தின் சுழற்சிக்கு நேரே நில்லாமையும், விரைவைப் படிப்படியாய் ஏற்றுதலும் இன்றியமையாதன.

நடுவு நிலைமைக்குத் துலாக்கோலை உவமை கூறினார் வள்ளுவர். அதனை மனனம் செய்து மதிப்பெண் பெற்ற யான், ஒருபாற் கோடிய சக்கரத்தின் முன் முகத்தை நீட்டினேன்! ஓய்ந்திருக்கையிற் புலப்படாத சிறு கோட்டம் விரைவு ஏறியபோது பெருந்தீங்காய் வெளிப்படும். மனிதர் குறையும் இத்தகையதே.

"கர்த்தர் காத்தார்" என்றனர் விடுதித் தோழர். உண்மையே, அவரைத் துதிக்கின்றேன். ஆயினும் மறைப்பின்றிக் குனிந்து நின்றது விசுவாசமன்று. அவரைப் பரீட்சை பார்த்தலேயாம். இப்பொழுது அச்சக்கரம் மறைப்பினுள் அதிர்வின்றிச் சுழல்கின்றது. யானும் விலகியே நிற்கின்றேன்.