பிணியும் கூலியும்

எம்மூராகிய சங்கரன்கோவில் நெசவுக்குப் பேர்பெற்றது. ஈளை நோயுடைய எனக்கோ பஞ்சுத்தூசி பகை. ஆதலின் தறியை விடுத்து, அச்சகமொன்றிற்கு வீட்டிலிருந்தே பிழை திருத்திக் கொடுக்கின்றேன். பக்கத்திற்கு இவ்வளவென்று கூலி. மூச்சுமுட்டிய இரவின் மறுநாள் உறங்கி, தெளிந்தபின் திருத்தலாம். இச்சுதந்தரம் பெரிதே. எனினும், படுக்கையிற் கிடக்கும் நாளுக்குக் காசில்லை.

1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய ஈ.எஸ்.ஐ. திட்டத்தில், உரிய காலம் சந்தா செலுத்திய ஆலைத் தொழிலாளி பிணியுற்றால், ஆண்டிற்கு 91 நாள்வரை கூலியில் 70 விழுக்காடு பெறுவார். சேலைக்கு இவ்வளவென வீட்டுத்தறியில் நெய்வார்க்கும் எனக்கும் அப்பேறில்லை. அன்பர்காள்! வேண்டும்பொழுது உழைக்கும் உரிமை மட்டும் பிணியாளர்க்குப் போதாது. உழைக்கவியலா நாளுக்கும் ஒருபிடி சோறு வேண்டும்.