நாமே பூட்டிய கதவு

சங்கத்து அன்பர்கள் நம்மீது வைத்திருந்த நம்பிக்கைக்குச் சென்ற தை மாதத்தில் ஒரு சோதனை நேர்ந்தது. அதை வருவித்தவரும் நாமே. பிறருக்குப் பயன்படுமாயின் நம் அசட்டுத்தனத்தை மறைப்பானேன்?

நாம் இரயில்வே குமாஸ்தா. படிப்பு மெட்ரிகுலேஷனோடு நின்றது. கணினி ஓரளவு கைவசப்பட்டதால், சங்க நூலகத்து லினக்ஸ் கணினியைப் பேணும் பொறுப்பு நம்மிடம் வந்தது. சந்தாக் கணக்கு, தமிழ் வகுப்புப் பிள்ளைகளின் மதிப்பெண் யாவும் அதில்தான். ‘ரூட்’ என்னும் தலைமை நிர்வாகி மட்டுமே அவற்றைத் திறக்குமாறு வைத்தோம். ரூட்டின் கடவுச்சொல் நம் ஒருவரிடமே இருந்தது. ‘சூடோ’ என்னும் ஏற்பாட்டினால் அவ்வதிகாரத்தை வேறொருவருக்கும் பகிர்ந்திருக்கலாம், பகிரவில்லை. அதில் நமக்கு ஓர் இரகசியப் பெருமை!

பொங்கல் விழாக் கணக்கு வாசிக்கும் நாளுக்கு முந்தைய மாலை, ரூட்டுக்குப் புதிய ஷெல் அமைக்க ஆசை பிறந்தது. ஷெல் என்பது நாம் தட்டும் கட்டளையை வாங்கி நிறைவேற்றித் தரும் இடையாள். கணினியின் பயனர் ஏட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி; வரிக்கு ஏழு பகுதிகள்; ஏழாவது பகுதியே ஷெல்லின் முகவரி. அங்கிருந்த ‘பாஷ்’ முகவரியை அழித்து, ‘இசட்-ஷெல்’ முகவரியைக் கையால் எழுதினோம். ஓர் எழுத்துப் பிழையாயிற்று. சரிபாராமல் வெளியேறினோம்.

மீண்டும் நுழைய முயன்றபோது, கணினி கடவுச்சொல்லை ஏற்றது. ஏற்ற கையோடு வெளியே தள்ளியது. இல்லாத இடையாளை எங்கே தேடும்? சாதாரணப் பயனராய் நுழைந்து, ‘சு’ கட்டளையால் வேறு ஷெல் கேட்டுப் பார்த்தோம். ரூட்டுக்கு எழுதிய முகவரி அங்கீகரித்த ஷெல்களின் பட்டியலில் இல்லாமையால், அதுவும் மறுக்கப்பட்டது.

கணக்குப் பிரதிக்காகக் காத்திருந்த பொருளாளர், “மாற்றுச் சாவி இல்லையா, தம்பி?” என்றார்.

“இல்லை, ஐயா” என்பதற்குள் நம் நா உலர்ந்தது. அவர் கடியவில்லை, கடிந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒருவாறு மனத்தைத் தேற்றிக்கொண்டு, கணினியை அணைத்து மறுபடி தொடங்கினோம். ‘கிரப்’ பட்டியல் தோன்றியதும் ‘ஈ’ விசையை அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் இறுதியில், ‘இனிட்’ என எழுதிச் சமக்குறியிட்டு, ‘எஸ்.எச்.’ என்னும் எளிய ஷெல்லின் முகவரியைச் சேர்த்தோம். வழக்கமான தொடக்க வேலைகளை விடுத்து, அந்த ஷெல்லையே முதலில் எழுப்பு என்பது இதன் பொருள். கடவுச்சொல் கேளாமலே ரூட்டின் அதிகாரம் கைக்கு வந்தது. வட்டு படிக்க மட்டுமே திறந்திருந்தது. ‘மவுண்ட்’ கட்டளையால் எழுதவும் திறந்து, ஏழாவது பகுதியில் பாஷின் முகவரியை மீட்டோம். மறுதொடக்கத்திற்குப் பின் ரூட் நம்மை உள்ளே விட்டது. இரவு மணி பதினொன்று.

மகிழ்ச்சியோடு ஓர் அச்சமும் எழுந்தது. நமக்குத் திறந்த வழி, அந்நாற்காலியில் அமரும் எவருக்கும் திறக்குமன்றோ? மறுநாளே கிரப்புக்குக் கடவுச்சொல்லும், அறைக்கு நல்ல பூட்டும் இட்டோம்.

இவ்வாபத்தை முன்பே எண்ணியவர்கள் உண்டு. ‘ஃப்ரீபிஎஸ்டி’ என்னும் யூனிக்ஸ் வழி அமைப்பில், ரூட்டைத் தலைகீழாய் எழுதிய ‘டூர்’ என்ற மாற்று நிர்வாகி உண்டு. அதற்குக் கடவுச்சொல் அமைத்து, புது ஷெல் ஆசைகளை அதனிடம் தீர்த்துக்கொண்டால், ரூட்டைத் தொட வேண்டியதில்லை.

அலுவலகத்தில், அடுத்தவர் வந்து பொறுப்பேற்கும் வரை நாம் இருக்கையை விட்டு எழுவதில்லை. அந்தப் பழக்கத்தைக் கணினியின் முன் மறந்தோம். பழைய ஷெல்லில் இருந்தவாறே, மற்றொரு முனையத்தில் புதியது வேலை செய்கிறதா என்று பார்த்திருந்தால் போதும்.

இப்போது நூலகத்துக்கு வரும் கல்லூரி மாணவி ஒருத்திக்கும் சூடோ அதிகாரம் உண்டு. ரூட்டின் கடவுச்சொல் உறையிலிட்டு ஒட்டப்பட்டு, பொருளாளரின் பீரோவில் இருக்கிறது. நம் பெருமை சற்றுக் குறைந்தது. உறக்கம் நன்றாக வருகிறது.