முன்கவை தேடிய படலம்

எம் தமையனார் கப்பல் வேலைக்குச் செல்லுமுன், தமது 2012ஆம் ஆண்டுக் கிளாசிக் 350 வண்டியின் முன்கவையைக் கழற்றிவிட்டு, சென்னைப் புதுப்பேட்டையிற் பழைய சாமானாக வாங்கிய பருத்ததொரு கவையைப் பூட்டினார். அதனைத் தாங்கும் தண்டு செங்கற்பட்டுக் கடைசற் பட்டறையொன்றில் கடையப்பெற்றது. அக்கவை எவ்வண்டிக்கு உரியதென அவர் கூறவில்லை, யாமும் கேட்டிலேம்.

உபதேசியாராகிய எம் தந்தையார் ஞாயிறுதோறும் மாமல்லபுரத்தை அடுத்த மீனவர் குப்பமொன்றிற்கு எம் பின்னமர்ந்து செல்வது வழக்கம். ஆடி மாதத்து ஞாயிறொன்றில், பூஞ்சேரிக் கூட்டுச் சாலையில் முன்பிரேக்கை அழுத்தினோம்; பிடிக்கவில்லை. கவையினின்று கசிந்த எண்ணெய் பிரேக்குத் தட்டிற் படிந்திருந்தது. எமக்குச் சிராய்ப்பு; தந்தையார்க்கு மணிக்கட்டு முறிவு. ஆறு ஞாயிறு அவர் குப்பத்தைக் காணவில்லை. எம்மை ஒரு சொல்லும் கடிந்திலர். கடிந்திருக்கலாம்.

பின்னர்த் தொடங்கிற்று எம் அலைச்சல். தமிழ் பயில்வோம் என்னும் செருக்கினால், கடையிற் சென்று, "முன்கவைக்கு ஆயில் சீல் வேண்டும்" என்றோம். கடைக்காரர் விழித்தார். "போர்க்கா தம்பி? எந்த வண்டி, எந்த வருஷம்?" என்றார். விடையில்லை. அவ்வாண்டு வண்டிக்குரிய கவைக்குழாய் 35 மில்லிமீட்டர் விட்டமுடையது, எம்முடையதோ 41. அவ்வளவு கூறி வாங்கிய சீலின் உள்விட்டம் பொருந்திற்று; வெளிவிட்டம் சிறுத்து, கவையின் வாயில் நில்லாது ஆடிற்று. 1955இல் திருவொற்றியூரில் உருவெடுத்த என்பீல்டு இந்தியாவின் வழிவந்த வண்டிகள் இன்று எமக்கு அண்மையில் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் செய்யப்படுகின்றன. ஆற்றங்கரையில் நின்று நீருக்கு அலைந்தோம்!

வழி காட்டியவர் திருக்கழுக்குன்றத்துப் பட்டறைப் பாய். "41 என்றால் போதாது தம்பி. 2016இல் வந்த ஹிமாலயனும் 41, 2018இல் வந்த இன்டர்செப்டரும் 41, 2021இல் வந்த புதுக் கிளாசிக்கும் 41. ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு அழுத்து; எவ்வளவு இறங்குகிறது பார்" என்றார். இன்டர்செப்டருக்கு 110, புதுக் கிளாசிக்குக்கு 130, ஹிமாலயனுக்கு 200 மில்லிமீட்டர் என்பது அவர் கணக்கு. அளந்தோம்: 200. ஹிமாலயன் சீலை வாங்கிவந்து பொருத்த, அது கச்சிதமாய் அமர்ந்தது.

மகிழ்ச்சி நெடிது நில்லவில்லை. பாய் குழாயின்மேல் நகத்தை ஓட்டினார், நகம் தடுக்கிற்று. கடற்காற்றின் உப்பு குரோமியப் பூச்சை அரித்துச் சிறு குழிகள் செய்திருந்தது. "இந்தக் குழாயோடு எந்த சீலைப் போட்டாலும் கிழியும்" என்றார். மீண்டும் புதுப்பேட்டை. இம்முறை குழாயொன்றைக் கண்ணாடிப் பலகைமேல் உருட்டி, வளைவின்மை கண்டபின்னரே காசு கொடுத்தோம்.

ஏழாம் ஞாயிறு தந்தையார் வண்டியருகே வந்து குனிந்து, குழாய் இரண்டையும் விரலாற் தடவினார். விரலைப் பார்த்தார், உலர்ந்திருந்தது. வேதாகமப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறி அமர்ந்தார். பூஞ்சேரி வருமளவும் அவர் கை எம் தோளை விட்டு நீங்கவில்லை.