நடுகல்லுக்கு எந்த வெளிச்சம்?

சந்தவாசலில் இருந்துகொண்டு சிற்பங்களைப் படமெடுக்கிறவனுக்கு மேற்கே நிற்கும் ஜவ்வாது மலைதான் நேரம் சொல்கிறது. சாயங்கால வெயிலை மலை சீக்கிரமே விழுங்கிவிடும். அதனால் காலை வெயிலை நம்பித்தான் என் தொழில். மாண்ட வீரர்களின் நினைவாக நட்ட நடுகற்களுக்கு அந்த வெயில் இல்லாமல் முடியாது. அவற்றின் புடைப்பு பல இடங்களில் ஒரு விரற்கடைகூட இருக்காது. உச்சி வெயிலில் போய் நின்றால் வெறும் பலகைக்கல். விடிந்த கொஞ்ச நேரத்தில் ஒளி பக்கவாட்டில் தடவிக்கொண்டு வரும்போதுதான் கொண்டை தெரியும், வில் தெரியும், உடம்பில் தைத்த அம்பு தெரியும், மேலே வட்டெழுத்து எழுந்து வரும். வெயில் வாய்க்காவிட்டால் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து ஒளியைச் சாய்த்துத் திருப்புவேன். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை. பிளாஷை நேராக அடித்தால் வீரன் காணாமல் போய்விடுவான்.

செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை தேடித் தொகுத்து, இரா. நாகசாமி பதிப்பில் 1972-இல் நூலாக்கியது. அவற்றில் எடுத்தனூர்க் கல்லை அறிந்தவர்கள் மறக்க மாட்டார்கள். மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு. எருமைகளைக் காக்கப் போய் இறந்த கருந்தேவக்கத்தியோடு அவன் நாய் கோவிவனும் நிற்கிறது. இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்றது என்று அதற்கும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். மாடு மேயும் மண்ணில் நின்று பார்க்கிறவனுக்கு அந்த நாய் ஏன் கல்லில் ஏறியது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்தில் பல நடுகற்கள் வேடியப்பன். எண்ணெய் ஊறிக் கறுத்து, மஞ்சளும் குங்குமமும் அப்பி, பொங்கல் படையல் வாங்குகிற சாமி. அதே போன்ற கல் தருமபுரி அகழ்வைப்பகத்தில் கழுவித் துடைத்து நிற்கும்போது சான்று ஆகிவிடுகிறது. கும்பிட்ட இடத்தில் உருவம் பாதி மறைந்திருந்தது. இங்கே எழுத்து முழுசாகத் தெரிகிறது. ஆனால் காடும் மந்தையும் போய்விட்டன. குனிந்து பார்த்த கல், பீடத்தின்மேல் கண்ணுக்கு நேரே வந்துவிட்டது. இரண்டு பார்வையும் உண்மைதான். ஒன்று மட்டுமே போதும் என்பதை நான் ஒப்ப மாட்டேன்.

செப்புத் திருமேனிக்கும் இதே கதைதான். கோயிலில் பட்டுக்கும் மாலைக்கும் நடுவே முகமும் கையும் மட்டும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் திருவாலங்காட்டு நடராசரின் முழு உடலும் வளைவும். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் அந்த ஆடவல்லானைப் பற்றி எழுதியதே புகைப்படங்களைப் பார்த்துத்தான். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. என் தொழிலுக்கு இதைவிடப் பெரிய பெருமையும் பொறுப்பும் வேறு தெரியவில்லை.

போளூருக்கு அந்தப்பக்கம் திருமலையில் சுமார் 16 அடி உயரத்தில் சமணத் தீர்த்தங்கரர் நேமிநாதர், பாறையிலேயே வடித்தவர். அவரை யாரும் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. அவர் பாதத்தருகே நின்று கழுத்தை அண்ணாந்தால்தான் அந்த உயரம் உடம்புக்குப் புரியும். கைப்பேசித் திரையில் அவர் கட்டைவிரல் அளவு. எவ்வளவு நல்ல படமானாலும் அங்கே நான் தோற்றுத்தான் போகிறேன்.

கற்களை எடுத்துப்போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சாலை அகலப்படுத்தும்போது புதைகிற கல்லுக்கும், துணி துவைக்கிற கல்லுக்கும் அகழ்வைப்பகம்தான் அடைக்கலம். ஆனால் மேலிருந்து கொட்டும் குழல்விளக்கை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் ஒரு விளக்கு வையுங்கள். பீடத்தைத் தாழ்த்துங்கள். கல் நின்ற நிலத்தின் படத்தைப் பக்கத்தில் மாட்டுங்கள்.

உங்கள் ஊர் வயலிலோ ஏரிக்கரையிலோ இப்படி ஒரு கல் கண்ணில் பட்டால் கடப்பாரை போடுவதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுங்கள். எந்தத் திசை பார்த்து நின்றது என்று குறியுங்கள். பிறகு வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்லுங்கள்.