தாமதத்துக்குக் காரணம்

என் தங்கை மகனுக்குப் பார்வை கிடையாது. அதற்கு நியாயம் கேட்க அவள் கிளம்பியபோது தடுத்தவன் நான்.

பிள்ளையார்பாளையத்தில் தங்கையும் மச்சானும் கூலிக்கு நெய்கிறார்கள். நான் பட்டுப்புடவை வியாபாரி, வீட்டில் காலேஜ் வரை போனவன். குழந்தை குறைமாதத்தில் பிறந்தது. 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு விழித்திரையின் ரத்தக்குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது; பார்வையைப் பறிக்கும் நோய் வரலாம். 30 நாளுக்குள் கண் டாக்டர் பார்த்தாக வேண்டும். பிரசவம் நடந்த தனியார் மருத்துவமனையில் அதை யாரும் சொல்லவில்லை. வேறிடத்தில் கண்டுபிடித்தபோது காலம் கடந்துவிட்டது.

"கேஸ் போடலாமா அண்ணா?" என்றாள்.

"டாக்டரை எதிர்த்து ஜெயிக்க முடியுமாம்மா? நாளைக்கு நமக்கு ஒண்ணுன்னா யாரு பார்ப்பாங்க?" என்றேன்.

ஜெயித்தவர்கள் உண்டு என்பது எனக்குத் தெரியும். 1996-ல் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில், 29-வது வாரத்தில், 1,250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இதே நோய், இதே அலட்சியம். தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் கொடுக்கச் சொன்னது. அந்தத் தகப்பன் விடவில்லை. 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கேஹரும் பாப்டேவும் சுமார் 1.8 கோடி ரூபாய் வழங்க உத்தரவிட்டார்கள். பேப்பரில் படித்திருந்தேன். அவளிடம் சொல்லவில்லை.

தங்கைக்குப் பிரசவம் பார்த்த டாக்டர் வீட்டு முகூர்த்தப்புடவைகள் என்னிடம் எடுத்தவை. அவர் சொல்லி வந்த வாடிக்கையும் நிறைய. பயந்துதான் தடுத்தேன் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பொய். வியாபாரம் போய்விடும் என்றுதான் தடுத்தேன்.

நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுக்குள் போயிருக்கலாம். கேட்ட 72 மணி நேரத்தில் மருத்துவமனை கேஸ் ஷீட்டைக் கொடுத்தாக வேண்டும். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கும். இதெல்லாம் விசாரித்தால் ஒரே நாளில் தெரிந்துவிடும். நான் விசாரிக்கவில்லை.

இதைவிடப் பெரிய பாவம் ஒன்று செய்தேன். வயிற்றில் பிள்ளையோடு குழித்தறியில் உட்கார்ந்து மிதித்ததால்தான் இப்படி ஆச்சு என்று அவள் அழுவாள். உன் தப்பு இல்லையம்மா என்ற ஒரு வார்த்தை போதும். அதைச் சொன்னால் பிறகு யார் தப்பு என்று கேட்பாளே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷமாக அவள் தன்னையே சபித்துக்கொண்டாள்.

போன மாதம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்பவே தெரியுமா உனக்கு?" என்றாள். தெரியும் என்றேன். அதன்பின் என்னோடு பேசுவதில்லை. வக்கீலிடம் மச்சான்தான் வருகிறார்.

பையன் மைனர். சிவில் வழக்குக்கு 18 வயது வரை கெடு ஓடாது, அந்த வழி இருக்கிறது என்றார் வக்கீல். நுகர்வோர் ஆணையத்தில் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம், தக்க காரணம் காட்ட வேண்டும், ஏற்பார்களா என்பது அவர்கள் கையில். அறியாமை என்று எழுதிவிடலாமா என்று கேட்டார். அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், நான் மறைத்தேன் என்று எழுதச் சொன்னேன். அந்தப் பிரமாணப் பத்திரத்தில் என் பெயர், என் கடையின் பெயர், டாக்டர் வீட்டுக்கு விற்ற புடவைகளின் கணக்கு எல்லாம் இருக்கிறது. திங்கட்கிழமை கையெழுத்துப் போடுகிறேன்.