கறள் லீவு எடுக்காது

பழைய காரின்ர தகரம் கறள் பிடிக்காது எண்டு எங்கட ஊரில அடிச்சுச் சொல்லுவினம். "அது அந்தக் காலத்து இரும்பு" என்பார்கள். நாங்கள் நம்புவதில்லை. தகரம் தடிப்பு, ஓட்டை விழ நாளெடுக்கும், அவ்வளவுதான். இன்றைய கார்களில் பலவற்றின் தகரம் நாகம் பூசி வருகிறது. 1950களின் மொறிஸ் மைனருக்கு அதுவும் இல்லை. வெறும் உருக்கு, மேலே பெயின்ற். ஒரு கீறல் போதும்.

துணுக்காயில் எங்கள் வளவில் நிற்பது அப்படியொரு மொறிஸ் மைனர். அப்பப்பா வாடகைக்கு ஓடினது. 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமல் போனபோது, வடக்கில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் கொஞ்சப் பெற்றோல் விட்டு ஸ்ராட் எடுப்பார்கள், பிறகு மண்ணெண்ணெய். இதுவும் அப்படி ஓடித் தப்பியதுதான். 2008 ஓகஸ்ட்டில் ஊர் கிழக்கே இடம்பெயர்ந்தபோது எஞ்சின் பழுதாகிக் கிடந்ததால் கொட்டிலிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். கொண்டு போயிருந்தால் முள்ளிவாய்க்காலில் குவிந்து கிடந்த வாகனங்களோடு அதுவும் கிடந்திருக்கும். 2009 கடைசியில் மீள்குடியேற்றம் தொடங்கி வீட்டார் திரும்பி வந்தபோது கொட்டில் இல்லை, கார் இருந்தது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய கார்களுக்கும் மவுசு வந்தது. புறோக்கர்மார் படலை திறந்து வந்தார்கள். "வித்துப்போட்டுப் படிப்புக்கு வையுங்கோ" என்றார் மாமா. அதில் நியாயம் இருந்தது. அப்பம்மா மாட்டன் எண்டா. கலைப்பீடத்தில் படிக்கிற எங்கள் தலையில் திருத்த வேலை விழுந்தது இப்படித்தான். கம்பஸ் லீவு விட்டால் வேலை நடக்கும், கனடாச் சித்தப்பா காசு அனுப்பினால் வேலை நடக்கும். மற்ற நாளெல்லாம் கார் சும்மா நிற்கும்.

பிரச்சினையே அந்தச் சும்மா நிற்கிற நாட்கள்தான். வெளிநாட்டு வீடியோக்களில் முழுக் காரையும் சுரண்டி, வெள்ளி மாதிரி மினுங்க விட்டிருப்பார்கள். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். மாரி காலத்தில் இங்கே அப்படிச் சுரண்டிவிட்டுப் படுத்தால், விடிய எழும்பிப் பார்க்கச் செம்மஞ்சளாகப் படர்ந்திருக்கும். வியர்த்த கை பட்ட இடத்தில் விரலடையாளமே கறளாக வரும். அதனால் எங்களுக்கு ஒரு சட்டம்: அன்றைக்கே பிறைமர் அடிக்க முடிந்த அளவுக்கு மட்டும்தான் சுரண்டுவது. ஒரு நாளைக்கு ஒரு கதவு, இல்லாவிட்டால் ஒரு மட்காட். மிச்ச இடத்தில் பழைய பெயின்ற் எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் இருக்கட்டும், அதுவும் ஒரு காவல்தான்.

பிறைமரிலும் ஏமாறலாம். மேடு பள்ளம் நிரப்ப அடிக்கிற சாம்பல் நிறப் பிறைமர் ஈரத்தை உறிஞ்சும். அதோடு விட்டுவிட்டு ஒரு மாரியைக் கடத்தினால் உள்ளுக்குள்ளே கறள் ஊரும். இரண்டைக் கலந்து அடிக்கிற எப்பொக்சிப் பிறைமர்தான் தண்ணியை மறிக்கும். விலை கூட. "கேற்றுக்கு அடிக்கிற ரெட் ஒக்சைட் காணும் தம்பி" என்று ஒருவர் சொன்னார். கேற்றுக்குக் காணும்தான், ஏனென்றால் கேற்றுக்குப் பொங்கலுக்குப் பொங்கல் திரும்ப அடிக்கிறோம்.

உண்மையான கறள் வெளியில தெரியாது. மொறிஸ் மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, பொடிதான் பாரம் முழுவதையும் தாங்குகிறது. கதவுகளுக்குக் கீழே, இரு பக்கமும் பெட்டி மாதிரி நீளமாக ஓடும் பகுதிதான் அதன் முதுகெலும்பு. உள்ளே போகும் தண்ணி வடிய அடியில் சின்னத் துளைகள் உண்டு. புழுதி அவற்றை அடைத்துவிட்டால் தண்ணி அங்கேயே தங்கும். ஸ்குறூ றைவரின் பிடியால் தட்டிப் பார்த்தோம். நல்ல தகரம் கணீரென்றது, இடப்பக்கம் 'சொத்' என்றது. பிறகு கூர்முனையால் குத்த, பிஸ்கற் மாதிரி உள்ளே போனது. வெட்டியெடுத்துப் புதுத் தகரம் ஒட்டினோம். வெல்டிங் சூட்டில் உட்பக்கப் பூச்சு எரிந்துவிடும், ஆகவே துளை வழியாக உள்ளே எண்ணெய்ப்பசை விட்டேயாக வேண்டும். அப்பப்பா கழிவு ஒயிலை ஊற்றுவாராம். நாங்கள் கிறீஸை ஒயிலில் இளக்கி விட்டோம். வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகுதான் இதைச் செய்யலாம், இல்லாவிட்டால் பத்திக்கொள்ளும்.

இங்கே நாங்கள் தகரம் தேடி அலைவதை நினைக்கச் சிரிப்பும் வருகிறது. 1990களில், வடக்கில் கார்கள் மண்ணெண்ணெய் குடித்துக்கொண்டிருந்த காலத்தில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர், இந்தக் காருக்கான உதிரிப்பாகங்களை இதே தீவில்தான் செய்வித்து இங்கிலாந்துக்கு எடுப்பித்தார்.

"தறப்பாளால மூடி வையுங்கோவன்" என்று சொல்லாத ஆளில்லை. தறப்பாளுக்குக் கீழே சீவிச்ச சனம் நாங்கள், அதுக்குள்ள எப்படி வியர்க்கும் எண்டு எங்களுக்குத் தெரியும். நிலத்து ஈரம் மேலே எழும்பி, வெளியேற வழியில்லாமல் தகரத்தில் முத்து முத்தாகப் பிடிக்கும். காருக்கு வேண்டியது கூரையும் காற்றும். வந்த முதல் காசில் நாலு பக்கமும் திறந்த கொட்டில்தான் போட்டோம், நிலத்துக்குச் சீமெந்து இழுத்தோம். கார்ப் படம் கேட்ட சித்தப்பாவுக்குக் கொட்டில் படம் போனது. மனுசன் இரண்டு நாள் பதிலே போடவில்லை.

இப்போது இடப்பக்கம் முடிந்துவிட்டது. வலப்பக்கம் பழைய நீலத்திலேயே நிற்கிறது. போன கிழமை மாமா வந்து இடப்பக்கத்தைத் தட்டிப் பார்த்தார், கணீரென்றது. ஒன்றும் சொல்லவில்லை. மற்றப் பக்கத்துக்குப் போனவரை அப்பம்மா மறித்தா.

"அதை உதுகள் அடுத்த லீவுக்குச் செய்யுங்கள், நீர் தேத்தண்ணியைக் குடியும் தம்பி."