கொஞ்சம் மெதுவாக ஓடிய மேரியோ

கேசட் என்றுதான் சொல்வோம். பாட்டுக் கேசட்டைப் பார்த்துப் பழகிய வாய், வீடியோ கேம் பெட்டியில் செருகும் மஞ்சள் டப்பாவுக்கும் அதே பெயரை வைத்துவிட்டது என்று நினைத்து ரொம்ப நாள் கூச்சப்பட்டிருக்கிறேன். பெங்களூருக்கு வேலைக்கு வந்தபின் நண்பர்கள் ‘கார்ட்ரிட்ஜ்’ என்று திருத்தவும் செய்தார்கள். பிறகு ஒருமுறை அலுவலக வேலையாக டோக்கியோ போனபோது, அகிஹாபராவில் பழைய விளையாட்டுகள் விற்கும் கடை ஒன்றில் ஏறினேன். கண்ணாடிப் பெட்டியைக் காட்டிக் கடைக்காரர் சொன்ன ஜப்பானியப் பேச்சில் எனக்குப் புரிந்தது ஒரே சொல்: ‘கசெட்டோ’. செய்த ஊரிலேயே அதுதான் பெயராம். காணிப்பாக்கத்துப் பையன்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறோம்.

அன்றைக்கு இரண்டு கேசட் வாங்கினேன். ஒன்று சூப்பர் மேரியோ. இன்னொன்று நாம்கோ கம்பெனியின் ‘பேட்டில் சிட்டி’, எங்கள் பாஷையில் டேங்க். முதலாவது எனக்கு. இரண்டாவதைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சித்தூரிலிருந்து பத்துப் பதினோரு கிலோமீட்டரில் இருக்கிறது எங்கள் ஊர் காணிப்பாக்கம். வீட்டுக்குள் தமிழ், வாசல் தாண்டினால் தெலுங்கு. அப்பாவுக்குக் கோயில் தெருவில் தேங்காய், கற்பூரக் கடை. ஆஸ்பத்திரி என்றால் வேலூர், வெளிநாட்டுச் சாமான் என்றால் மெட்ராஸ் என்று பழகிய குடும்பங்கள் நாங்கள். 1994 கோடை விடுமுறையில் மெட்ராஸ் மாமா பர்மா பஜாரிலிருந்து அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். சிவப்பும் வெள்ளையுமான பிளாஸ்டிக். இரண்டு ரிமோட். சில வீடுகளில் மீடியா என்றும் சாமுராய் என்றும் பெயர் போட்ட பெட்டிகள் இருந்தன. எங்களுடையதில் பெயரே இல்லை.

அது எதன் நகல் என்பது இருபது வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. கியோட்டோவில் 1889-ல் சீட்டுக்கட்டு அச்சடிக்கத் தொடங்கிய நிண்டெண்டோ, 1983 ஜூலை 15 அன்று ஃபேமிகாம் என்ற பெட்டியை 14,800 யென்னுக்கு விற்பனைக்கு விட்டது. வடிவமைத்தவர் மசயுகி உவெமுரா என்ற பொறியாளர். அதே சிவப்பு வெள்ளை, அதே அறுபது பின் கொண்ட கேசட் வாய். அதைத் தைவானிலும் சீனாவிலும் பார்த்துப் பார்த்துச் செய்து, ரஷ்யாவில் டெண்டி என்றும் போலந்தில் பெகாசஸ் என்றும் பெயர் வைத்து விற்றார்கள். நாங்கள் ஆடியதில் நிண்டெண்டோவுக்கு ஒரு பைசா போயிருக்காது. எனக்கு அதில் இன்றைக்கும் பெரிய உறுத்தல் இல்லை. அசலை எங்கள் ஊர்ப் பக்கம் யாரும் விற்று அன்றைக்கு நான் பார்த்ததில்லையே.

வீட்டில் இருந்தது சாலிடேர் கறுப்பு வெள்ளை டிவி. ஆண்டெனா ஒயரைப் பிடுங்கி, பெட்டியின் ஒயரைச் செருகி, ஒருவன் ட்யூனிங் திருகைத் திருப்ப இன்னொருவன் ‘வருது, வருது, போச்சு’ என்று சொல்ல, புள்ளி மழைக்கு நடுவிலிருந்து மேரியோ எழுந்து வருவான். அவன் தொப்பி சிவப்பு என்று எனக்குத் தெரியாது. ஆனால் வண்ண டிவிக்காரர்களுக்குத் தெரியாத ஒன்று எங்களுக்குத் தெரிந்தது: அந்த விளையாட்டில் வானத்து மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே படம். முழு விளையாட்டையும் 40 கிலோபைட்டுக்குள் அடக்கவேண்டிய கட்டாயத்தில் ஒரே உருவத்துக்கு மேலே வெள்ளையும் கீழே பச்சையும் அடித்துச் சமாளித்திருந்தார்கள். இப்போது வாட்ஸப்பில் வரும் ‘காலை வணக்கம்’ படமே அதைவிடப் பெரியது. எங்கள் டிவியில் பச்சை ஏது? மேகம் கீழே இறங்கி உட்கார்ந்திருக்கிறது என்றுதான் பேசிக்கொள்வோம்.

டேங்க் வேறு சமாச்சாரம். அது இரண்டு பேர் ஆட்டம். என் ஜோடி பூக்கடை வீட்டுப் பையன். கோயில் வாசலில் அவன் அம்மா அருகம்புல் மாலை கட்டிக்கொண்டிருப்பார். அவன் விரலில் எப்போதும் வாழைநார் வாசம் இருக்கும், அது ரிமோட்டிலும் ஒட்டிக்கொள்ளும். திரையின் அடியில் செங்கல் சுவருக்குள் ஒரு கழுகு இருக்கும். இருபது டேங்குகள் ஒவ்வொன்றாக இறங்கி அதைச் சுட வரும். அதைக் காக்கவேண்டும். திருப்பதி பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கழுகு ஏது, அது கருடன்தான். ‘ஒரேய், கருடனைப் பாரு ரா!’ என்று அவன் கத்துவான். பதற்றத்தில் நானே கருடனைச் சுட்டுவிட்ட நாட்களும் உண்டு. அந்த விளையாட்டு அதையும் அனுமதிக்கும். நம் ஜோடியைச் சுட்டால் அவன் சாகமாட்டான், கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பான். அதற்கே ஒரு சண்டை வரும்.

35 கட்டங்கள் அதில். அவற்றைவிட எங்களுக்குப் பிடித்தது, நாமே களம் கட்டிக்கொள்ளும் வசதி. பதின்மூன்றுக்குப் பதின்மூன்று கட்டத்தில் செங்கல், இரும்பு, தண்ணீர், மரம் என்று வைத்துக்கொண்டே போகலாம். நாங்கள் எப்போதும் கோயிலைத்தான் கட்டுவோம். கோனேர் என்கிற கோயில் குளத்துக்குத் தண்ணீர், பிராகாரத்துக்குச் செங்கல், கோபுரத்துக்கு உடையாத இரும்பு. அவன் வீட்டுப் பூக்கடைக்கு ஒரே ஒரு மரம். கட்டி முடிப்பதற்கும் கரண்ட் போவதற்கும் கணக்காக இருக்கும். சேமித்து வைக்க வழி இல்லாத கேசட் அது. கரண்ட் வந்ததும் முதல் செங்கல்லிலிருந்து தொடங்குவோம். அந்தக் கோடையில் வரசித்தி விநாயகர் கோயிலை எத்தனை முறை கட்டினோம் என்று எண்ணியிருந்தால் சோழர்களே வெட்கப்பட்டிருப்பார்கள்.

டேங்க் கேசட் அவனுடையது. சித்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில், சதுர்த்திக் கூட்டத்தில் தனக்குக் கிடைத்த சில்லறையைச் சேர்த்து அவன் வாங்கியது. பெட்டி என்னுடையது என்பதால் கேசட் எங்கள் வீட்டிலேயே கிடந்தது. ஒருநாள் படம் வரவில்லை. எல்லாரையும் போல ஊதினேன். ஊதக்கூடாதாம். மூச்சு ஈரம் பட்டு உலோகப் பற்கள் அரிக்கும் என்று நிண்டெண்டோவே பின்னால் சொன்னது. கழற்றி மறுபடி செருகியதால்தான் படம் வந்ததே தவிர, நம் ஊதலுக்கு அதில் பங்கு இல்லை. அன்றைக்கு அதற்கும் வரவில்லை. திறந்து பார்த்துவிடலாம் என்று அப்பா கடையில் தேங்காய்ப் பருப்பு நெம்பும் கத்தியை எடுத்தேன்.

உள்ளே என்னென்னவோ இருக்கும் என்று நினைத்திருந்தேன். 35 களங்கள், அத்தனை டேங்க், கருடன். ஒரு சின்னப் பச்சை அட்டையும் அதன் நடுவில் தார் சொட்டியது போல ஒரு கறுப்புப் பொட்டும் இருந்தன. அவ்வளவுதான். மூடப் பார்த்தேன். கொக்கிகள் உடைந்திருந்தன. அட்டையிலும் கத்தி கீறியிருந்தது. கடைக்குப் பின்னால் தேங்காய் நார்க் குவியலில் ஆழமாகக் கையை விட்டுப் புதைத்தேன்.

மறுநாள் கேசட் காணோம். தெருப் பையன்கள் எட்டுப் பேர் கூடிவிட்டோம். அடுத்து என்ன என்பதை எங்கள் ஊரில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நிலத் தகராறு, சீட்டுப் பணம், புருஷன் குடி என்று எதுவானாலும் கோனேரில் முங்கி, ஈரத்துணியோடு போய், கிணற்றில் எழுந்த பிள்ளையார் முன்னால் சத்தியப் பிரமாணம் பண்ணுகிற ஊர். ஆந்திராவில் அரசியல்வாதிகள் கூட ஒருவரையொருவர் ‘காணிப்பாக்கத்துக்கு வா’ என்று சவால் விடுவார்கள். அங்கே பொய் சொன்னவன் விளங்கமாட்டான் என்பது எங்களுக்கு அரிச்சுவடி.

சந்தேகம் யார்மேல் வந்தது தெரியுமா? கேசட்டுக்குச் சொந்தக்காரன் மேலேயே. அவனே ஒளித்துவைத்து நாடகம் ஆடுகிறான் என்று ஒருவன் கிளப்பினான். ‘பிரமாணம் சேஸ்தானு ரா’ என்று அவன் சட்டையைக் கழற்றிவிட்டுக் கோனேரில் இறங்கினான். பத்து வயது. முங்கி எழுந்து, தலைமுடி நெற்றியில் ஒட்ட, பல் கிடுகிடுக்க, நேரே சந்நிதிக்குப் போய்ச் சத்தியம் பண்ணினான். அடுத்து என் முறை. அம்மா கூப்பிடுகிறாள் என்று சொல்லி வந்துவிட்டேன். அவன் என்னைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் மேரியோ ஆட வந்தான். டேங்க் பேச்சை எடுக்கவே இல்லை.

இப்போது என் அலமாரியில் ஜப்பானியக் கேசட்டுகள் ஒரு நூறு இருக்கும். மேரியோ மலிவு. ஜப்பானில் மட்டும் 68 லட்சம் விற்றதால் எங்கும் கிடைக்கும். கோனாமியின் காண்ட்ரா விலை கேட்டால் நெஞ்சு அடைக்கும். பழைய கேசட்டின் முதுகில் சில சமயம் மார்க்கர் பேனாவால் ஒரு குழந்தையின் பெயர் எழுதியிருக்கும். நண்பர்களிடம் தொலைந்துவிடக் கூடாதென்று எழுதியது. சேகரிப்பவர்களுக்கு அது கறை, விலை குறையும். எனக்கு அவைதான் வேண்டும். ஜப்பானில் ஒருவர் பெயர் எழுதிய கேசட்டுகளாகப் பார்த்துச் சேர்த்து, எழுதிய ஆளைத் தேடித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அசல் பெட்டியும் வாங்கினேன், 1993-ல் வந்த புது ஃபேமிகாம். ஜப்பானில் 100 வோல்ட் மின்சாரம் என்பதை மறந்து அடாப்டரை நேராக நம் பிளக்கில் செருகிப் புகைய விட்டேன். இரண்டாவது அடாப்டர் வந்து, மேரியோவைப் போட்டேன். முதல் காளான் மூஞ்சியிலேயே செத்தேன். மறுபடி, மறுபடியும். கோஜி கோண்டோ இசையமைத்த அந்த மேரியோ பாட்டு யாரோ துரத்துவது போல ஓடியது. கேசட் கோளாறு என்று நினைத்தேன். கோளாறு என் காதில் இருந்தது.

ஜப்பானிய டிவி வினாடிக்கு 60 படம் காட்டும், நம் டிவி 50. ஒவ்வொரு படத்துக்கும் மேரியோ ஓர் அடி வைக்கிறான். நம் பக்கத்து நாடுகளுக்கென்று செய்த நகல் பெட்டிகள் அதே ஜப்பானிய விளையாட்டை 50-ல் ஓட்டின. ஜப்பான் பையன் பத்து வினாடியில் ஓடிய தூரத்தை நாங்கள் பன்னிரண்டு வினாடியில் ஓடினோம். ஐரோப்பாவுக்கு விற்கும்போது நிண்டெண்டோ மேரியோவின் வேகத்தைத் திருத்திக் கொடுத்தது. எங்கள் பெட்டிக்கு யார் திருத்துவது? பாட்டில் சுருதி ஏறக்குறைய அதேதான், காலப்பிரமாணம் மட்டும் தளர்ந்திருந்தது. மூலையில் இறங்கும் கடிகாரமும் எங்களோடு சேர்ந்து சோம்பியது. என் விரலுக்குத் தெரிந்த மேரியோ ஜப்பானில் பிறக்கவே இல்லை.

போன பொங்கலுக்குப் பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்கினேன். அப்பாவின் புது டிவியிலும் ஆண்டெனா ஓட்டை இருக்கிறது. அகிஹாபரா கேசட்டைச் செருகினேன். அறுபது பின்னும் அளவாக உட்கார்ந்தன. பாட்டு, கோயில் யானை நடப்பது போல வந்தது. முதல் குழியை யோசிக்காமலே தாண்டினேன். பக்கத்தில் இரண்டாவது ரிமோட் கிடந்தது. மோந்து பார்த்தேன், தூசிதான்.

பூக்கடையை இப்போது அவன் நடத்துகிறான். ஊருக்குப் போகும்போதெல்லாம் காசு வாங்காமல் ஒரு முழம் கொடுப்பான். டேங்க் கேசட்டின் முதுகில் அவன் பெயரை மார்க்கரால் தெலுங்கில் எழுதிவிட்டேன். சதுர்த்தியிலிருந்து பிரம்மோற்சவம் 21 நாள், அவனுக்குக் கை ஓயாது. இருபத்திரண்டாம் நாளுக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். மாற்றுத் துணி ஒன்றும் எடுத்துவைத்திருக்கிறேன். முதலில் கோனேரில் முங்கவேண்டும்.